வெற்றுத் தகடு

ஒன்பதாவது தட்டில் எதுவும் முளைத்திருக்கக் கூடாது. ஆனால் முளைத்திருந்தது.

பூரணி முதலில் அதைத் தன் கண்ணின் குற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கே டயகமப் பக்கமிருந்து ஏறி வந்த பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடிகளில் அப்பிக்கொண்டு, கீழே சரிந்து இறங்கும் தேயிலை மலையையும் அதன் அடியில் கிடக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான பணிய லயத்தையும் ஒரேயடியாக விழுங்கியிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தமும், இன்குபேட்டர் என்கிற சூட்டு அலுமாரியின் முனகலும் தவிர பங்களாவில் வேறு சத்தமில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டின் ஓரத்தால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். கிருமி வளர்க்கும் ஒன்பது வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஜெலி, ஒவ்வொரு மூடியிலும் அவள் கையால் எழுதிய எண். ஒன்பதாவதின் நடுவில், பயறு அளவுக்கு, சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு பொட்டு இருந்தது.

அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்வெளிக்குப் போகிற பொருள்களில் பூமியின் கிருமிகள் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று உலகத்தில் ஒரு விதி இருக்கிறது. வேறொரு கோளில் உயிர் இருக்கிறதா என்று தேடப் போய், நாமே கொண்டுபோய் இறக்கிய கிருமியைக் கண்டுபிடித்துக் கூத்தாடினால் ஊர் சிரிக்கும். அதைவிட மோசம், அங்கே பாவப்பட்ட ஏதாவது ஓர் உயிர் இருந்து, நம் கிருமி அதைத் தின்று தீர்த்துவிடுவது. ஆகவே கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், கழுவியது சரிதானா என்று பரீட்சை செய்து பார்க்க வேண்டும். கொழும்பிலுள்ள ஒரு சின்ன நிறுவனம் இந்தப் பரீட்சை வேலையை வெளிநாட்டிலிருந்து எடுத்து, அக்கரப்பத்தனைக்கு மேலே, மூடிக் கிடந்த தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குப் பக்கத்தில், தோட்டத்து உதவி அதிகாரியான சின்னதுரை இருந்த பழைய பங்களாவில் ஆய்வுகூடம் வைத்திருந்தது. தூசியில்லாத குளிர்க் காற்று, ஆளில்லாத இடம் என்று காகிதத்தில் எழுதிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஆளில்லாத இடமாம். பணிய லயத்தில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களை இதற்கு முன் யார் ஆளாக எண்ணினார்கள், இவர்கள் எண்ணுவதற்கு.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இந்த மேசையிலிருந்து ஒன்பது அலுமினியத் தகடுகள் போயின. எட்டில் வகைக்கொன்றாகக் கிருமி பூசி உலர்த்தியிருந்தது. ஒன்பதாவது வெற்றுத் தகடு. அதில் ஒன்றுமே பூசவில்லை. கழுவிய கை சுத்தமாகக் கழுவியது என்பதற்கு அதுதான் சாட்சி. எல்லாத் தகடுகளும் விண்வெளி நிலையத்தின் வெளிச் சுவரில், காற்றில்லாத இடத்தில், கொளுத்தும் வெயிலும் உறையும் குளிரும் மாறி மாறி அடிக்க ஒரு வருடம் தொங்கிவிட்டுத் திரும்பியிருந்தன. திங்கட்கிழமை பூரணி ஒவ்வொன்றையும் ஜெலியில் முகங்குப்புற அழுத்தி எடுத்தாள். எட்டில் ஐந்து செத்துப்போயிருந்தது, மூன்று பிழைத்திருந்தது. அதில் அதிசயமில்லை. சில கிருமிகள் ஆபத்து வந்தால் விதையாகச் சுருங்கித் தூங்கும். ஈரமும் சூடும் கிடைத்தால் எழுந்துகொள்ளும்.

ஆனால் வெற்றுத் தகட்டில் எழுந்துகொள்ள எதுவும் இருந்திருக்கக் கூடாது.

அந்தத் தகட்டோடு அதே நாள், அதே மேசையில், அதே கையால் கழுவப்பட்ட இன்னொரு பொருளும் உண்டு. தேத்தண்ணிக் கோப்பையளவு ஒரு உலோகக் கிண்ணம். பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு தூரத்து நிலாவில் இறங்கி, அந்தப் பனியைச் சுரண்டி எடுக்கப் போகிற கிண்ணம் அது. இப்போது வேறொரு நாட்டில் ரொக்கெட்டின் உச்சியில் பூட்டப்பட்டு நின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம், நம் நேரத்துக்கு ஐந்து நாற்பதுக்கு ஏவுகிறார்கள். அதற்கு முன் பூரணி ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்: வெற்றுத் தகட்டில் வளர்ச்சி எதுவும் இல்லை. அந்த வரி போகாவிட்டால் ரொக்கெட் போகாது.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். அதற்குள் கோடுகள் ஓடின. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் ஒரு சுழி. விரல் ரேகை. யாருடைய விரல் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

செடிகளைக் கவ்வாத்து வெட்டின மலையில் மறுபடி கொழுந்தெடுக்கத் தொடங்கும் நாள், பெண்கள் முதல் பிடியைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று, பெருகட்டும் என்ற அர்த்தத்தில், சொல்லித்தான் போடுவார்கள். வெறுங்கூடையோடு நிரையில் இறங்கக் கூடாது என்பது பூரணியின் அம்மா லெட்சுமியின் கண்டிப்பு. ஒரு பிடி, அதுவும் வெறுங்கையால், அப்புறம்தான் மற்ற வேலை. மகள் பேராதனையில் நுண்ணுயிரியல் படித்துப் பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. தகடுகளைப் பெட்டியில் பூட்டிய அந்தக் காலை, அம்மா லயத்து ஒற்றையறைக் காம்பராவில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பூரணி விடியற்காலையில் இறங்கிப் போய், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, அந்தக் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டு வந்தாள். நாற்பது வருடத் தேயிலைக் கறையும் மண்ணும் வெடிப்புகளுக்குள் கறுத்து இறங்கி, எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாத கைகள் அவை.

எட்டுத் தகடுகள் நிறைந்திருந்தன. ஒன்பதாவது வெறுமையாகக் கிடந்தது. கிண்ணமும் வெறுமை. அவ்வளவு தூரம் போகிறவற்றை வெறுமையாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. படித்த படிப்பெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வலது கையுறையைக் கழற்றி, தகட்டில் ஒரு தொடுதல், கிண்ணத்தின் அடியில் ஒரு தொடுதல், வாய்க்குள் "பொலி". அப்புறம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள். துடைக்கவும் இல்லை, துடைத்தால் போட்டதைத் திருப்பி எடுத்தது போலாகிவிடும். காற்றில்லாத இடத்தில் என்ன பிழைத்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஏழு வாரத்தில் அம்மா போய்விட்டாள். காம்பராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். துணிமணியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. பூரணி பங்களாவின் பின்னறையில் தங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கொழும்பிலிருந்து போனில் பேசும் மேலதிகாரி நிரஞ்சன். மற்றவர் பங்களாவின் வாச்சர் அழகன். அம்மாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர் என்பதால் அவளுக்கு மாமா முறை. முப்பத்திரண்டு வயதில், தன் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துபோகும் அளவுக்குத் தனியாக இருந்தாள் என்பதுதான் உண்மை.

எதிர்பாராமல் முளைத்தது எதுவானாலும் உடனே ஓட்டோகிளேவில் போட வேண்டும் என்பது விதி. பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான இயந்திரம்; நீராவியில் எதுவும் மிஞ்சாது. அவள் இயந்திரத்தை முடுக்கிச் சூடேற்றவும் செய்தாள். ஆவி சீறியது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அந்தக் கோடுகள் தன் விரலுடையவையாக இருக்கலாம். அதில் ஒட்டிப் போனது அம்மாவின் கையிலிருந்த மண், அம்மாவின் தோல். அம்மாவில் இந்தப் பூமியில் உயிரோடு மிச்சமிருப்பது இந்தப் பயறளவுதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இயந்திரத்தை அணைத்தாள்.

பிறகு, செய்யக் கூடாததைச் செய்தாள். மூடியைத் திறந்தாள்.

வாசம் எழுந்து வந்தது. கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் நனைந்த படங்குச் சாக்கு, கசக்கிய பச்சைக் கொழுந்து, அதற்கடியில் மெலிதாகத் தேங்காயெண்ணெய். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுண்டுவிரலால் அதைத் தொட்டாள். இன்குபேட்டரை விட்டு எடுத்து அரைமணி நேரமாகியும் அது சூடாக இருந்தது.

கையைத் தொட்டியில் கழுவினாள். கழுவின தண்ணீரை வாளியில் பிடித்துக் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும்; அதுவும் விதி. தொட்டியின் குழாய் வெளி வடிகாலான கானுக்குப் போகிறது, கான் சரிவில் இறங்கி லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியில் கலக்கிறது, லயத்தில் எல்லோரும் அந்தப் பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கை கழுவின தண்ணீர்தானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

நாலரைக்கு அழகன் மாமா தேத்தண்ணியோடு வந்தார். வழக்கமாக உள்ளே வந்து வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுவார். அன்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ளுக்கு யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க மாமா. நான் மட்டுந்தான்."

"இல்ல, லெட்சுமி அக்கா படங்கு கட்டிக்கிட்டு வந்து நின்ன மாதிரி வாசம் அடிக்குது."

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வளைவிலிருக்கும் காவல் குடிசைக்கு இறங்குவதற்கு முன், வெளிக் கானில் ஓடும் தண்ணீரில் அவர் கால் கழுவும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவளை எழுப்பியது சத்தமின்மை. ஆறு மணிக்கு வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்க வேண்டும். ஏழு மணிக்குப் பெண்கள் கூடையோடு பங்களா வேலியோரமாக ஏறிப் போவார்கள்; பூரணிக்கு அவர்களுடைய பேச்சும் இருமலும் சிரிப்பும்தான் கடிகாரம். இன்று அந்த நேரம் வந்து கடந்து போனது. லீவு நாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். என்ன லீவு என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மாமாவும் காலைத் தேத்தண்ணி கொண்டு வரவில்லை. அவளே போட்டுக் குடித்தபோது, சுண்டுவிரல் கோப்பையின் சூட்டை உணரவில்லை. விரல் நுனி வெளுத்து, உலர்ந்து, வெங்காயச் சருகாக இருந்தது.

ஆய்வுகூடக் கதவைத் திறந்தாள். வாசம் முந்திக்கொண்டு வந்தது.

ஒன்பது தட்டுகளிலும் அது இருந்தது. செத்துப்போன ஐந்திலும், பிழைத்த மூன்றிலும். மூடிகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் எங்கும் பிரியவில்லை. ஒவ்வொரு தட்டிலும் சாம்பலும் சிவப்புமாகப் படர்ந்து, ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலிப் பக்கம்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். அறையில் இப்போது ஒரு சத்தம் இருந்தது. மிகச் சின்னதாக, இடைவிட்டு இடைவிட்டு, டிக், டிக், டிக், கொழுந்தை நகத்தால் கிள்ளும்போது கேட்குமே, அந்தச் சத்தம். ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பார்த்தாள். ஒன்பது தட்டுகளிலும் தடிப்பு எதிர்ப் பக்கத்துக்கு வந்திருந்தது.

பயந்தாள். ஆனால் பயத்தை விடப் பெரிதாக இன்னொன்று அவளுக்குள் நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பதினேழு மாதத்தில் முதன்முறையாக, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை ஏதோ ஒன்று கவனித்தது. "அம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். சத்தம் நின்றது. கேட்பது போல நின்றது.

பன்னிரண்டு மணிக்கு மேசை டெலிபோன் அடித்தது. நிரஞ்சன். அவருடைய குரல் கலியாண வீட்டுக் குரலாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் காத்துக்கொண்டிருக்கிறார்களாம், படிவத்தில் இந்த ஒரு கட்டத்தில்தான் இன்னும் சரி போடவில்லையாம், இது நல்லபடி முடிந்தால் அவளைக் கொழும்புக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"வெற்றுத் தகடு எப்பிடி, பூரணி?"

சொன்னால் கிண்ணத்தைக் கழற்றுவார்கள். யாருடைய தோல் என்று கண்டுபிடிப்பார்கள். வேலை போகும், லயத்துப் பெண்ணை உள்ளே விட்டதுதான் பிழை என்பார்கள். ஒன்பது தட்டுகளும் நீராவிக்குப் போகும். அவள் தட்டுகளைப் பார்த்தாள். அவையும் அவளைப் பார்த்திருந்தன.

"ஒன்னும் இல்லீங்க சேர்," என்றாள். "சுத்தமா இருக்கு."

அந்த வரியைக் கணினியில் எழுதி அனுப்பியும்விட்டாள்.

பொய் சொன்ன பிறகுதான், அதை ஒழுங்காகப் பார்க்க அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் தட்டிலிருந்து ஊசிமுனையளவு எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். கிருமிகள் தனித்தனியாக இல்லை. உருண்டையாகத் திரண்டிருந்தன. இது அவள் படித்ததுதான். விண்வெளியில் சில பற்றீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுகொள்ளும். வெளி வரிசையில் இருப்பவை வெந்து சாகும். செத்த உடல்களே கூரையாகி உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றும். அப்படித்தான் ஒரு வருடத்தைத் தாண்டியிருக்கின்றன. ஒரே காம்பராவில் எட்டுப் பேர் ஒட்டிப் படுத்துக் குளிரைக் கடத்திய வீட்டில் பிறந்தவள், அவளுக்கு அது புரியாதா. கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தவள், குமிழைத் திருகி இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

உள்ளே இருந்தவை உருண்டையானவை, அதுவரை அவள் எங்கும் கண்டிராதவை. வெளி வரிசையில் செத்துக் கிடந்தவை நீள்வடிவம். மூன்றாம் தகட்டில் அவள் பூசிய கிருமி நீள்வடிவம்.

ஏழாம் தட்டிலிருந்து எடுத்தாள். உள்ளே அதே உருண்டைகள். வெளியே செத்துக் கிடந்தவை ஏழாம் தகட்டுக் கிருமிகள். இரண்டாவதிலும் அப்படியே. வெற்றுத் தகட்டில் அம்மாவின் கையிலிருந்த மற்றக் கிருமிகள் அப்படி நின்றிருக்கும். அது தன் இனத்தைக் கூரையாகப் போடவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுகிறது. சேர்த்து அணைத்துக்கொள்கிறது. வெளியே நிறுத்துகிறது.

அறையில் தேங்காயெண்ணெய் வாசம் கூடியது. அந்த வாசத்தில் அம்மா இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் கை மண்ணில் தூங்கிக் கிடந்த ஏதோ ஒன்று, அந்தக் கையின் வாசத்தைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதே ஒன்று, கிண்ணத்தின் அடியில், ரொக்கெட்டின் உச்சியில். அந்தத் தூரத்து நிலாவின் கடலில் எதுவெல்லாம் நீந்துகிறதோ, பாவம், அதுவெல்லாம் இதைத் தன்னினம் என்று எண்ணி நெருங்கி வரும்.

மணி நாலு நாற்பது. இன்னும் ஒரு மணி நேரம். உண்மையைச் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும். டெலிபோனை எடுத்தாள். உயிரில்லை. கணினியில் இணைப்பும் இல்லை. பனி இறங்கினால் இந்த லைன் செத்துப்போவது வழக்கம்தான். கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், கீழே வளைவில், அழகன் மாமாவின் குடிசையடியில். பனியில்லாவிட்டால் பத்து நிமிட இறக்கம்.

ஒன்பது தட்டுகளையும் ஓட்டோகிளேவுக்குள் தள்ளிப் பூட்டி, சூட்டை ஏற்றிவிட்டு வெளியே வந்தாள். அந்த டிக் டிக் சத்தம் பூட்டிய இரும்புக்குள்ளிருந்து கொஞ்ச தூரம் வரை கேட்டது. பிறகு நின்றது.

பனிமூட்டத்தில் தன் கால் தனக்குத் தெரியவில்லை. பாதையின் விளிம்பில் தேயிலைச் செடிகள் கையெட்டும் தூரம் வரை தெரிந்து, அப்புறம் வெண்மை. நாய் குரைக்கவில்லை. லயத்தில் அடுப்புப் புகை மணமில்லை. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கீழிருந்து வந்துகொண்டிருந்தது, யாரும் குடம் வைக்காமல், யாரும் பிடிக்காமல். நடக்க நடக்க அவளுடைய வலது கை மரத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டு. முழங்கை. கைப்பேசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாமா," என்று கூப்பிட்டாள்.

வாசம் இருந்தது. சாக்கு, கொழுந்து, எண்ணெய்.

குடிசை தெரிந்தது. குடிசையல்ல. குடிசையை மறைத்து நின்ற ஆட்கள்.

பணிய லயம் முழுதும் அங்கே நின்றது. ஒருவரோடொருவர் ஒட்டி, ஒரு விரல் நுழைய இடமில்லாமல், உள்நோக்கித் திரும்பி, ஒரே உருண்டையாக. வெளி வரிசையில் நின்றவர்களின் முதுகுகள் அவளுக்குத் தெரிந்தன. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடி பெண்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை. மாமாவின் காக்கிக் கோட்டு. எல்லாம் சாம்பல் நிறத்தில், உலர்ந்து, சருகாக. மாமாவின் காதோரத்தில் தோல் வெடித்து உரிந்திருந்தது. அவர் மூச்சுவிடவில்லை. அந்த வரிசையில் யாருமே மூச்சுவிடவில்லை.

ஆனால் உள்ளே, நடுவில், அந்த முதுகுகளுக்கெல்லாம் அப்பால், மூச்சு இருந்தது. பல பேருடைய மூச்சு. ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கும் மூச்சு. அங்கிருந்து சூடு வந்தது.

ஓட வேண்டும். கால் ஓடவில்லை.

இடக்கையில் கைப்பேசி அதிர்ந்தது. சிக்னல். கட்டைவிரல் இன்னும் அவள் சொல் கேட்டது. அழுத்தினாள். ஒருமுறை மணியடித்தது. இரண்டாம் முறை.

"சொல்லுங்க பூரணி," என்றார் நிரஞ்சன். பின்னால் நிறையப் பேர் கலகலப்பாகப் பேசும் சத்தம். "இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

நிறுத்துங்க. ஒரு சொல் போதும். வாயைத் திறந்தாள். திறந்ததாக நினைத்தாள். உதடு அசையவில்லை. உதட்டின் மேல் உதடு உலர்ந்து ஒட்டியிருந்தது. தொண்டைக்குள் அந்தச் சொல் முழுதாக, சூடாக, அவளுடையதாக இருந்தது.

"பூரணி? கேக்குதா? லைன் சரியில்ல போல. அப்புறம் எடுக்குறேன், நீங்களும் லைவ்ல பாருங்க."

கைப்பேசி அணைந்தது. யாரும் அவளைத் தொடவில்லை, இழுக்கவில்லை. சூடு மட்டும் வந்தது. அவளாகத்தான் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொன்று. மாமாவின் முதுகும் அந்தப் பிள்ளையின் முதுகும் சற்று விலகி, அவளுடைய தோள் பொருந்தும் அளவுக்கு இடம் விட்டன. அவள் பொருந்திக்கொண்டாள். கன்னம் காக்கித் துணியில் பட்டது. எத்தனை காலமாயிற்று ஒருவர் பக்கத்தில் நின்று. அந்த நினைப்பு வந்த அதே கணத்தில், முதுகு முழுவதும் பனி இறங்குவதை உணர்ந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. கடைசியாக வந்தவள் அவள்.

முதுகுத் தோல் இறுகத் தொடங்கியது. வலித்தது. கத்த முடியவில்லை. இமைக்க முடியவில்லை.

நேரம் போனது. ஐந்து நாற்பது எப்போது கடந்தது என்று தெரியவில்லை. வானத்தில் எதுவும் கேட்கவில்லை. அது வேறு நாட்டு வானம்.

பிறகு, கீழே பாதையில், கியர் மாற்றி முனகிக்கொண்டு ஏறி வரும் பஸ்ஸின் சத்தம். அக்கரப்பத்தனையிலிருந்து வரும் அந்தி பஸ். வாரமெல்லாம் டவுனில் தங்கி வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வளைவில்தான் இறங்குவார்கள். வராதீங்க என்று சொல்லத் தொண்டைக்குள் அந்தச் சொல்லைத் தேடினாள். அது அங்கே இல்லை. இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. பசியில்லை அது, கோபமில்லை. குளிர்கிறது, அவ்வளவுதான். முதுகு குளிர்கிறது. யாராவது பின்னால் வந்து நின்றால் போதும்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் வந்து நின்றன. கதவு திறந்தது. செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"யாருங்க அங்க நிக்கிறது?" என்றது ஒரு பெண்குரல். "பூரணியா? என்னம்மா எல்லாரும் கூடி நிக்கிறீங்க?"

செருப்புச் சத்தம் அவளை நோக்கி நெருங்கியது. பூரணியின் இரு பக்கத்திலும் சாம்பல் முதுகுகள் மெல்ல விலகி இடம் விட்டன.